துணி கிளிப்பை வைத்து ஏடிபி பாடம் நடத்துவது எப்படி?

ஏடிபி (ATP), அதாவது செல்கள் வேலை செய்யச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு. அந்தப் பாடத்தைப் படம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். அடினோசின், மூன்று பாஸ்பேட் என்று போர்டில் வரைந்ததுமே பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் நான் முதலில் கொடுப்பது ஆளுக்கொரு துணி கிளிப். ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிளிப்பை முடிந்த வேகத்தில் முழுக்கத் திறந்து மூட வேண்டும். மற்றவர் பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணிக்கையை எழுத வேண்டும். ஒரு நிமிடம் போதும். சிரித்துக்கொண்டேதான் தொடங்குவார்கள். பாதி நிமிடத்தில் சிரிப்பு நின்று, கட்டைவிரல் அடிச்சதை கடுக்கும். போன வருடம் ஒரு மாணவிக்கு முதல் பத்து விநாடியில் 27, கடைசிப் பத்தில் 16.

"ஏடிபி தீர்ந்துபோச்சா?" என்று இப்போது கேளுங்கள். வகுப்பே ஆமாம் என்று சொல்லும். இங்கேதான் நீங்கள் அவசரப்படக் கூடாது. ஏடிபி அடியோடு தீர்ந்தால் தசை தளராது, விறைத்துப்போகும். தசையைச் சுருக்கும் புரதங்கள் மயோசினும் ஆக்டினும்; மயோசின் ஆக்டினை விட்டு விலகவே ஏடிபி வேண்டும். இறந்த உடல் விறைப்பது அதனால்தான். விரல் சோர்ந்து வேகம் குறைவதற்குக் காரணம் வேறு. ஏடிபியை உடனுக்குடன் திரும்ப உண்டாக்கித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் குறைகிறது, பாஸ்பேட்டும் அமிலமும் சேர்ந்து தசைச் சுருக்கத்தைத் தடுக்கின்றன. அந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை 1927-ல் ஹார்வர்டு உயிர்வேதியியலாளர் ஃபிஸ்க்கோடு சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்தப் பெயரைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம் கணக்கு. உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி கால் கிலோகூடத் தேறாது. ஆனால் ஒரு நாள் செலவு ஏறக்குறைய நம் உடல் எடை அளவு! பஸ் கண்டக்டர் பையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: எப்போது பார்த்தாலும் கொஞ்சம் சில்லறைதான், அதுவே நாள் முழுக்கக் கை மாறுகிறது. சேமிப்பு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இருக்கிறது.

"பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது" என்று மட்டும் தயவுசெய்து எழுதிப் போடாதீர்கள். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். ஏடிபி நீரோடு வினைபுரியும்போது அதன் மூன்று பாஸ்பேட்டில் ஒன்று பிரிந்து, இரண்டு பாஸ்பேட் உள்ள 'டை' வடிவம் (ADP) வருகிறது என்று சொல்லுங்கள். விளைபொருள்கள் கூடுதல் நிலைத்தன்மை உள்ளவை. அந்த ஆற்றல் வித்தியாசம்தான் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 38 ஏடிபி கிடைக்கும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைய கணக்கு 30 முதல் 32.

கடைசியாக, இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி, அதே கிளிப்பை மறுபடி அழுத்த வையுங்கள். எண்ணிக்கை பெரும்பாலும் பழைய இடத்துக்கே ஏறும். அந்த இரண்டு நிமிடத்தில் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா என்ன செய்தது என்பதை அவர்களே நோட்டில் எழுதட்டும்.