ஆயாவின் நைட்டியில் ஒரு ஆன்டெனா: துணியிலேயே 2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் செய்வது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்களுடையது லைன் வீடு. ஆயா உள் அறையில் படுப்பார், நான் முன் அறையில். ராத்திரி அவருடைய நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் என் போனுக்கு வர வேண்டும் என்று, மேக்ஸ்30102 சென்சாரைத் துணிப் பட்டியில் தைத்து விரலில் சுற்றி, ஒயரை நைட்டிக் கைக்குள்ளேயே விட்டு, ப்ளூடூத்தில் தகவல் அனுப்பும் குட்டி இஎஸ்பி32 போர்டைப் பையில் வைத்தேன். மல்லாந்து படுத்தால் எல்லாம் வந்தது. பை இருக்கும் பக்கம் திரும்பிப் படுத்தால் போச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாக உறிஞ்சும். போர்டில் இருக்கும் குட்டி ஆன்டெனா உடம்போடு ஒட்டினால் அதன் டியூனிங்கும் மாறிவிடும்.

அதனால்தான் பேட்ச் ஆன்டெனா. மேலே ஒரு உலோகத் துணி, நடுவில் சாதாரணத் துணி, கீழே இன்னொரு உலோகத் துணி. கீழே இருக்கும் கிரவுண்ட் உடம்பைப் பார்த்து இருக்கும், அலை வெளிப்பக்கம் போகும். சென்சாருக்கும் ப்ளூடூத்துக்குமான புரோகிராம் எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. இங்கே ஆன்டெனா மட்டும்.

முதலில் ஒரு வார்த்தை: இது வீட்டில் பார்த்துக்கொள்ள, மருத்துவக் கருவி அல்ல. பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

என்ன வாங்க வேண்டும்

தாமிரமும் நிக்கலும் பூசின பாலியஸ்டர் துணி. ஷீல்டிங் துணி என்று ஆன்லைனில் கிடைக்கும். வந்ததும் மல்டிமீட்டரை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள், 1 ஓம்-க்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். எஸ்எம்ஏ கனெக்டர் (திருகி மாட்டுவது, ஆன்டெனா பக்கம்), அதிலிருந்து யூ.எஃப்.எல்-க்கு (அழுத்தி மாட்டும் குட்டி முனை, போர்டு பக்கம்) போகும் கேபிள் இரண்டும் ரிச்சி தெருவில் வாங்கினேன். போர்டு வாங்கும்போது பெயரின் கடைசியில் 32யூ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில்தான் வெளி ஆன்டெனா மாட்ட சாக்கெட் இருக்கும். 32டி-யில் கிடையாது.

அளக்க நானோவிஎன்ஏ, ஆன்டெனா எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்று வரைபடமாகக் காட்டும் கையடக்கக் கருவி. இதில் நான் ஏமாந்தது என் அவசரத்தால். விலை குறைவு என்று முதலில் வந்த மாடலை வாங்கிவிட்டேன். அது 900 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.45 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. வி2 வாங்குங்கள், 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். விஎன்ஏ இல்லாமல் அளவை நம்பி வெட்டிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நடுத் துணி: இதில்தான் ஒரு மாதம் போனது

ஆய்வுக் கட்டுரைகளில் ஜீன்ஸ் துணியை வைத்து நிறைய செய்திருக்கிறார்கள். எம்.சி. ரோட்டில் கட்பீஸ் ஜீன்ஸுக்கா பஞ்சம்? வாங்கி வந்து, கணக்குப் போட்டு, வெட்டி, மத்தியானம் ஃபேனுக்குக் கீழே அளந்தேன். ஆன்டெனா எந்த அலைவரிசையை நன்றாக வாங்கிக்கொள்கிறதோ அங்கே விஎன்ஏ-வின் கோடு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் சரியாக 2.45-ல் விழுந்தது. அன்று ராத்திரி மழை. காலையில் அதே துணி, அதே கேபிள், பள்ளம் ஏறக்குறைய 50 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கியிருந்தது. கேபிளைச் சந்தேகப்பட்டேன், காலிபரேஷனைச் சந்தேகப்பட்டேன், கனெக்டரைப் பிரித்து மறுபடி வைத்தேன். மதியம் வெயில் வந்ததும் பள்ளம் தானாக மேலே ஏறிவிட்டது.

பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் குடிக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடக் குடிக்காது. மின்கடத்தாப் பொருள் மாறிலி என்று ஒன்று உண்டு, அது ஏறினால் ஆன்டெனாவின் அலைவரிசை இறங்கும். காய்ந்த ஜீன்ஸ் துணிக்கு அது 1.7 போல இருக்கும், தண்ணீருக்கு 80 பக்கம். கொஞ்சம் ஈரம் ஏறினாலே அலைவரிசை கீழே இறங்கும். நமக்கு இருக்கும் மொத்த இடமே 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். காசிமேட்டுக் கடல் காற்றில் துணி காயப்போடுகிற நமக்கு ஜீன்ஸ் சரிப்படாது. பாலியஸ்டர் ஃபெல்ட் வாங்குங்கள், பொம்மை செய்கிறவர்கள் வாங்குவார்களே, அது. கம்பளி ஃபெல்ட் வேண்டாம், அதுவும் ஈரம் குடிக்கும்.

தடிமனை வெர்னியரில் நேராக அளந்தால் துணி அமுங்கி தப்பாகக் காட்டும். 10 துண்டை அடுக்கி, மேலேயும் கீழேயும் கண்ணாடித் துண்டு வைத்து, மொத்தத்தை அளந்து 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் அளவு

ஃபெல்டின் தடிமன் 2 மி.மீ., மாறிலி 1.3 என்று வைத்துக்கொண்டால் பேட்ச் அகலம் 57 மி.மீ., நீளம் 51.7 மி.மீ. வரும். ஆனால் நீளத்தை 53 என்று வெட்டுங்கள். துணியைக் குறைக்கலாம், வளர்க்க முடியாது. 1 மி.மீ. குறைத்தால் சுமார் 45 மெகாஹெர்ட்ஸ் ஏறும். கிரவுண்ட் 80-க்கு 90. கனெக்டரிலிருந்து சிக்னலைப் பேட்சுக்குக் கொண்டுபோக, பேட்சிலிருந்து ஓரம் வரை வரும் பட்டை 8.5 மி.மீ. அகலம், பேட்சுக்குள் 15 மி.மீ. ஆழம் வரை நுழைய வேண்டும், இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி. கத்தரிக்கோல் வேண்டாம், ஓரத்தில் நூல் பிரியும். இரும்பு ஸ்கேல் வைத்து புது பிளேடால் ஒரே இழுப்பு.

ஒட்டுவதற்கு, இஸ்திரி வைத்தால் உருகி ஒட்டும் மெல்லிய வலை போதும். சூடு குறைவாக வையுங்கள். நான் தெரு முனை டெய்லரிடம் கொடுத்து ஓரம் அடிக்கச் சொன்னபோது, மிச்சமிருந்த உலோக நூலைக் கூடவே கொடுத்துத் தொலைத்தேன். அவர் அழகாக மேலிருந்து கீழ் வரை அடித்துத் தந்தார். மல்டிமீட்டர் பீப் என்றது. பேட்சும் கிரவுண்டும் ஒன்றாகிவிட்டன. ஓரம் தைப்பது சாதா நூலில்தான்.

கனெக்டர்

சாதா சால்டர் 183 டிகிரிக்கு மேல்தான் உருகும், அயர்ன் முனை 350-ல் இருக்கும். பாலியஸ்டர் 260-க்குள் உருகிவிடும். என் முதல் துணியில் கனெக்டர் உட்கார வேண்டிய இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. இப்போது செய்வது: தாமிரத் தகட்டில் இரண்டு சின்னத் துண்டு வெட்டி, கனெக்டரின் நடுக் கம்பியை ஒன்றிலும் அதன் வெளிக்கூட்டை இன்னொன்றிலும் தனியாகச் சால்டர் வைத்து, ஆறிய பிறகு தகட்டைத் துணியோடு உலோக நூலால் கையாலேயே நெருக்கித் தைக்கிறேன். நடுக் கம்பியின் தகடு மேல் பட்டையில், மற்றது கீழே கிரவுண்டில். மேல் தகட்டின் தையல் கிரவுண்டைத் தொடக் கூடாது. நேராகத் துணியில்தான் வைப்பேன் என்றால் 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் வாங்குங்கள்.

டியூனிங்

விஎன்ஏ-வைக் கேபிளின் கடைசி முனையில் வைத்து காலிபரேட் செய்யுங்கள், அப்போதுதான் கேபிளின் பாதிப்பு கணக்கில் வராது. எனக்கு முதல் பள்ளம் 2.37-ல் விழுந்தது. நீளத்தில் 1.8 மி.மீ. குறைத்ததும் 2.45. பள்ளம் மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே போகாவிட்டால் உள்ளே நுழையும் பட்டையின் இடைவெளியை 1 மி.மீ. 1 மி.மீ. ஆக ஆழமாக்குங்கள். எனக்கு 18-ல் நின்றது. மேசையில் அளந்ததோடு விடாதீர்கள். தண்ணீர் நிரப்பின 2 லிட்டர் பாட்டிலில் சுற்றி ஒரு தடவை, உங்கள் நெஞ்சில் வைத்து ஒரு தடவை. நீளவாக்கில் வளைந்தால் அலைவரிசை அதிகமாக நகரும், அகலவாக்கில் அவ்வளவு இல்லை. அதனால் நீளம் உடம்பின் தட்டையான திசையில் வரட்டும். தோளுக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம் நல்ல இடம்.

"இன்னாடா, புது நைட்டில ஒட்டுப் போட்னு கீற?" என்றார் ஆயா. பேட்ச் என்றால் ஒட்டுதானே, தப்பில்லை.

அப்படியே தைத்துவிடாதீர்கள். பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றும்படி செய்யுங்கள். துவைத்தால் உலோகப் பூச்சு உரியும். துணி வெளுத்தவர்களால் பேர் வந்த வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துவைக்கவே கூடாத துணி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஆயா எந்தப் பக்கம் படுத்தாலும் முன் அறையில் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம்-க்குக் (சிக்னல் பலத்தின் அளவு) கீழே போகவில்லை. முன்பு மைனஸ் 90-ஐத் தொட்டு அறுந்துவிடும்.

பின்சேர்க்கை 1: "கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ப்ளூடூத்தை 0 டிபிஎம்-ல் வைத்திருக்கிறேன், அது 1 மில்லிவாட். செல்போன் அலையை உடம்பு உறிஞ்சுவதற்கு 2012-லிருந்து இந்தியாவில் இருக்கும் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவில் சராசரி பார்த்து. மொத்த 1 மில்லிவாட்டும் அந்த ஒரு கிராமுக்குள்ளேயே போனால்கூட கிலோவுக்கு 1 வாட்தான் வரும்.

பின்சேர்க்கை 2: திடீரென்று சிக்னல் போகிறது என்றவருக்கு: ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் யூ.எஃப்.எல் முனையைப் பாருங்கள். அது 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டது. தினமும் கழற்றினால் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். அதைப் போர்டில் மாட்டி, மேலே ஒரு சொட்டு ஹாட் குளூ வைத்துவிட்டு, கழற்றுவதை எஸ்எம்ஏ பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.