ஒரு ராப்பர், ஒரு ப்ரொட்யூசர், ஒரே ஆல்பம்: முதல் தடவை பண்றவங்களுக்கு

தெருக்கதைய நேரடியா சொல்ற ராப்பர் ஒருத்தர், பீட்டுன்னா (குரலுக்கு அடில ஓடுற இசை) இப்படித்தான் இருக்கணும்னு எந்தக் கணக்கும் வச்சுக்காத ப்ரொட்யூசர், அதாவது பீட் பண்றவர் ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து முழுசா ஒரு ஆல்பம் போடலாம்னு முடிவு பண்ணியாச்சு, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா இது உங்களுக்குத்தான். நண்பரோட சேர்ந்து இப்படி ஒண்ணு பண்ணப்போ நான் கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: மொதல்ல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேளுங்க

2014 மார்ச்ல வந்த பின்யாட்டா ஆல்பத்த கேளுங்க. ராப்பர் ஃப்ரெடி கிப்ஸ், அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல இருக்குற கேரி ஊர்க்காரர், ஸ்டீல் கம்பெனி ஒண்ணு 1906ல தன்னோட ஆலைக்காக உருவாக்குன ஊர் அது. ப்ரொட்யூசர் மேட்லிப், கலிஃபோர்னியா ஆக்ஸ்நார்ட். பழைய சோல், ஜாஸ் ரெக்கார்டுல இருந்து எடுத்த துண்டு, அதாவது சாம்பிள், அழுக்கோட தூசியோட அப்படியே லூப்பாகும், திரும்பத் திரும்ப ஓடும், ட்ரம் சில இடத்துல இருக்கா இல்லையான்னே தெரியாது, அதுக்கு மேல கிப்ஸ் வேகமா, ஒரு எழுத்து பிசகாம அடுக்கிக்கிட்டே போவாரு. இங்க ஒண்ண கவனிங்க. பீட் தளர்வா இருக்குற இடத்துல அவர் குரல்தான் ட்ரம். ராப்பர் கொஞ்சம் வித்தியாசமா மாறட்டும், ப்ரொட்யூசர் கொஞ்சம் சாதாரணமா மாறட்டும்னு ரெண்டு பேரும் பாதி வழி வந்து நின்னா இந்த சத்தம் கிடைக்காது. அவங்கவங்க இடத்துலயே நிக்கணும், பொறுமையா ஒருத்தர ஒருத்தர் கேக்கணும்.

ஸ்டெப் 2: ஆல்பம்னு ஆரம்பிக்காதீங்க

மூணு பாட்டு. அவ்ளோதான். பின்யாட்டாவுல 17 ட்ராக், ஆனா அதுக்கு முன்னாடி 2011, 2012, 2013னு வருஷத்துக்கு ஒரு சின்ன இபி (சில பாட்டு மட்டும் இருக்குற குட்டி ஆல்பம்) போட்டுட்டுத்தான் அவங்க அங்க வந்தாங்க. மூணு பாட்டு முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சுடும், இவரோட வேலை பாக்க முடியுமா முடியாதான்னு.

கருவி பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். 2019ல வந்த இவங்களோட அடுத்த ஆல்பம் பண்டானாவோட பீட் எல்லாம் ஐபேட்ல பண்ணதா மேட்லிப்பே சொல்லியிருக்காரு.

ஸ்டெப் 3: பீட் தேர்வு

ப்ரொட்யூசர் ஒரு 20, 30 பீட் மொத்தமா அனுப்பட்டும், பேர் வேணாம், நம்பர் மட்டும் போதும். ராப்பர் வார்த்தையே இல்லாம ஒவ்வொண்ணு மேலயும் சும்மா முனகிப் பாக்கணும். ரெண்டு மூணு விதமா ஃப்ளோ (வார்த்தை தாளத்துல ஓடுற விதம்) வந்துச்சுன்னா வச்சுக்கங்க, ஒண்ணுமே வரலன்னா அடுத்ததுக்குப் போயிடுங்க. "இதுல ட்ரம் கொஞ்சம் சேத்து நேராக்கிக் குடு"ன்னு மட்டும் கேக்காதீங்க, தயவுசெஞ்சு. பீட் ஒத்து வரலன்னா வேற பீட் எடுங்க, அதையே சீவிச் சீவி எடுத்தா கடைசில ரெண்டு பேருக்குமே பிடிக்காத ஒண்ணுதான் மிஞ்சும்.

ஸ்டெப் 4: எண்ணிப் பாக்குறது

புதுசா வர்றவங்க தடுமாறுறதே இங்கதான், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். சாதாரண பீட்டுல 90 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 90 தட்டு) 16 பார் வெர்ஸ் (ஒரு பார்னா நாலு தட்டு, வெர்ஸ்னா ராப்பர் தொடர்ந்து ராப் பண்ற பகுதி) ஏறக்குறைய 43 செகண்ட், 80 பிபிஎம்னா 48 செகண்ட், கணக்கு நேரா இருக்கும். ஆனா எக்ஸ்பெரிமென்டல் ஆளுங்க பீட்ட கிரிட்ல (சாஃப்ட்வேர் சரிசமமா போட்டு வச்சிருக்குற தாளக் கோடு) ஒட்டவைக்க மாட்டாங்க, கையாலயே தட்டி விட்டுருப்பாங்க, ஸ்னேர் (சடக்குன்னு விழுற ட்ரம் அடி) ஒரு மயிரிழை லேட்டா விழும், லூப் 4 பார்ல முடியாம 7 பார்ல திரும்பும். நீங்க மெட்ரோனோம் (சீரா டிக் டிக்குன்னு தாளம் காட்டுறது) போட்டா அது ஒரு பக்கம் போகும், பீட் ஒரு பக்கம் போகும்.

அதனால சாஃப்ட்வேர்ல கிரிட்ட ஆஃப் பண்ணிடுங்க. பீட்ட ஓடவிட்டு ஸ்னேர் விழுற இடத்துல எல்லாம் கையால மார்க்கர் வைங்க. லூப் எங்க திரும்புதுன்னு கண்டுபிடிச்சு, அது எத்தன பார்னு எழுதி வச்சுக்கங்க. இப்ப வெர்ஸ 16 பாருக்கு எழுதாதீங்க, லூப்புக்கு எழுதுங்க, 7 பார் லூப்னா 14 பார் வெர்ஸ், தப்பே இல்ல. சாம்பிள்ல பாட்டுக்குரல் எழும்புற இடம் பாத்து அங்க மூச்சு வாங்குங்க, குரல் மேல குரல் ஏறாது.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னொண்ணு. வரிக்கடைசில "போச்சு, ஆச்சு, பேச்சு"ன்னு முடிச்சா ரைம் சுலபமா வந்துடும், ஆனா நாலு வரில சலிச்சுடும். ரெண்டாவது எழுத்துல எதுகை பிடிச்சு, வரிக்கு நடுவுல மோனை வச்சுப் பாருங்க, நான் மேல சொன்ன அந்த 'குரலே ட்ரம்' விஷயம் அங்கதான் நடக்கும்.

ஸ்டெப் 5: ரெக்கார்டிங்

துணி நிறைய இருக்குற ரூம், மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நடுவுல பாப் ஃபில்டர் (வாயில இருந்து வர்ற காத்து மைக்ல அடிக்காம தடுக்குற வலை), காத மூடுற ஹெட்ஃபோன். 24 பிட் வேவ் ஃபைல், சத்தமான இடத்துலகூட மைனஸ் 6 டெசிபெல்ல தாண்டாம பாத்துக்கங்க. வெர்ஸ முழுசா ஒரே மூச்சுல எடுங்க, வரி வரியா ஒட்டாதீங்க. டபுள் ட்ராக் (அதையே இன்னொரு தடவை சொல்லி மேல ஏத்துறது) முக்கியமான கடைசி வார்த்தைகளுக்கு மட்டும் போதும். ஒரு தடவை நாங்க நல்லா வந்த டேக் ஒண்ண, நடுவுல தொண்டை கரகரத்துச்சுன்னு தூக்கிட்டு சுத்தமா திரும்ப எடுத்தோம், அந்தக் கோவம் திரும்ப வரவே இல்ல. எதையும் டிலீட் பண்ணாதீங்க.

ஸ்டெப் 6: திரும்ப ப்ரொட்யூசர் கைக்கு

குரல் வந்ததுக்கு அப்புறம்தான் ப்ரொட்யூசரோட ரெண்டாவது வேலை ஆரம்பிக்குது. கனமான வரி வர்றப்போ பீட்ட ஒரு செகண்ட் வெட்டுங்க, வெர்ஸ் முடிஞ்சதும் வேற சாம்பிளுக்குத் தாவுங்க, இங்க எவ்ளோ கிறுக்குத்தனம் வேணாலும் பண்ணலாம், குரலுக்கு அடில இருக்குற தாளத்த மட்டும் நகத்தாதீங்க. மிக்ஸ்ல குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ கட் பண்ணுங்க, பீட்டுல 2ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ரெண்டு டெசிபெல் இறக்குங்க, வார்த்தை தெளிவா வெளிய வரும். தனித்தனி ட்ராக் இல்லாம பீட் ஒரே ஸ்டீரியோ ஃபைலா இருந்தா மிட்-சைட் ஈக்யூ (நடுவுல கேக்குறதையும் ஓரத்துல கேக்குறதையும் தனித்தனியா ஏத்தி இறக்குறது) போட்டு நடுவுல இருக்குறத மட்டும் இறக்குங்க.

ஸ்டெப் 7: பேப்பர்

பாட்டு முடிஞ்ச அன்னிக்கே யாருக்கு எத்தன பர்சென்ட்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, நட்பு நல்லா இருக்குறப்பவே. சாம்பிள் எந்த ரெக்கார்டு, எத்தனாவது நிமிஷம்னு குறிச்சு வைங்க. ஒரு சாம்பிளுக்கு ரெண்டு உரிமை இருக்கு, ரெக்கார்டிங்குக்கு ஒண்ணு, அந்தப் பாட்ட எழுதி இசையமைச்சதுக்கு ஒண்ணு, ரெண்டுக்குமே தனித்தனியா அனுமதி வேணும்.

ஸ்டெப் 8: வரிசை

எல்லாம் முடிஞ்சதும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஸ்கிப் பண்ணாம நடந்துக்கிட்டே கேளுங்க, ரெண்டு பேரும் தனித்தனியா. எந்தப் பாட்டுல உங்கள்ல ஒருத்தர் விருந்தாளி மாதிரி தெரியறாரோ அத எடுத்துடுங்க, எவ்ளோ நல்ல வெர்ஸா இருந்தாலும் சரி. தூக்கிப் போட வேணாம், அடுத்த ஆல்பத்துக்கு வச்சுக்கங்க. பின்யாட்டாவுக்கும் பண்டானாவுக்கும் நடுவுல 5 வருஷம் ஆச்சு.