லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மழைவெள்ளத்தை நிலத்தடிக்கு இறக்க அரசு நிதி பெறுவது எப்படி?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 15 அங்குலத்துக்கும் குறைவான மழையே பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தின் சில நாள்களில் கொட்டி, கான்கிரீட் கால்வாய்கள் வழியே கடலில் கலந்துவிடுகிறது. அந்த நீரைப் பிடித்துத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துவதற்காக, 2018 நவம்பரில் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாக்காளர்கள் 'மெஷர் டபிள்யூ' என்னும் வரிக்கு ஒப்புதல் அளித்தனர். நீர் இறங்காத தரைப்பரப்புக்குச் சதுர அடிக்கு 2.5 சென்ட் வீதம் வசூலாகும் இவ்வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 28 கோடி டாலரைத் திரட்டுகிறது. அதில் பாதி, போட்டி அடிப்படையில் தேர்வாகும் வட்டாரத் திட்டங்களுக்கு உரியது.

போட்டியில் நுழையச் சாத்தியக்கூறு ஆய்வறிக்கை கட்டாயம். வெறும் எண்ணமாக மட்டும் உள்ள திட்டத்துக்கு அந்த அறிக்கையைத் தயாரித்துத் தரவே தனி நிதிப்பிரிவு ஒன்று இருப்பதால், சிறிய அமைப்புகள் முதலில் அதை நாடுவது நல்லது.

மதிப்பீடு மொத்தம் 110 புள்ளிகளுக்கு; 60 பெறாத திட்டம் மேலே செல்லாது. நீர் சேமிப்புக்கு அதில் 25 புள்ளிகள்தான்; மழையின்போது ஓடும் நீரைக் கையாளும் திட்டமாயின், நீர்த் தூய்மைக்கோ 50. எனவே நிலத்தடி நீரைப் பெருக்குவதே உங்கள் நோக்கமாயினும், எந்தெந்த மாசுகள் எவ்வளவு குறையும் என்ற கணக்கில்தான் அதிக உழைப்பைச் செலுத்த வேண்டும். என் பார்வையில் இது வறண்ட பகுதிக்குப் பொருந்தாத புள்ளிப் பங்கீடு. ஆயினும் விதி அதுவே. எஞ்சிய புள்ளிகள் இயற்கைவழி அமைப்பு, சமூகப் பயன், பிற நிதி, மக்கள் ஆதரவு ஆகியவற்றுக்கு.

நீர் சேமிப்புப் புள்ளிகள் ஆண்டுக்குக் கிடைக்கும் ஏக்கர்-அடி அளவையும் (ஓர் ஏக்கர்-அடி சுமார் 12.3 லட்சம் லிட்டர்) அதற்கு ஆகும் செலவையும் சார்ந்தவை. இங்கே மண்ணை நன்கு ஆராயுங்கள். கவுண்டியின் தெற்குப் பகுதியில் பல இடங்களில் களிமண் அடுக்குகள் குறுக்கிடுவதால், மேலே இறக்கும் நீர் குடிநீர் எடுக்கும் ஆழத்தை எட்டாமல் போகலாம். சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலோ தொழிற்சாலைக் கரைப்பான்களால் மாசுபட்ட நிலத்தடி நீரை, புதிதாக இறங்கும் நீர் வேறு இடத்துக்குத் தள்ளக்கூடும். ஆகவே ஆழ்துளை மண்சோதனையோடு, அந்த நிலத்தடிப் படுகையை நிர்வகிப்பவரின் எழுத்துபூர்வக் கருத்தையும் முன்கூட்டியே பெற்று அறிக்கையில் இணைத்துவிடுங்கள்.

60 புள்ளி வரம்பை எட்டிய திட்டத்தை, அந்தந்த வடிநிலப் பகுதிக்கு (மழைநீர் வடிந்து சேரும் பகுதி) உரிய குழு தன் முதலீட்டுத் திட்டத்தில் சேர்க்க, இறுதி ஒப்புதலைக் கவுண்டி மேற்பார்வையாளர் வாரியம் வழங்கும். பராமரிப்புச் செலவையும் இந்நிதியிலிருந்து கோரலாம் என்பதால், வண்டல் அகற்றும் செலவைத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.