சில்வராடோ கியர்பாக்ஸ் மக்கர் பண்ணா முதல்ல என்ன பாக்கணும்

பழைய செவ்ரோலே சில்வராடோல வர்ற ஃபோர் எல் சிக்ஸ்டி இ ஆட்டோ கியர்பாக்ஸ் சரியா மாறலன்னா உடனே கழட்டிடாதீங்க ப்ளீஸ், மொதல்ல ஆயில் பாருங்க. வண்டிய சமதளத்துல நிறுத்தி, நல்லா சூடானப்புறம், பார்க்ல போட்டு இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே டிப்ஸ்டிக்க எடுக்கணும் (ஆஃப் பண்ணிட்டு பாத்தா அளவு தப்பா காட்டும்). சிவப்பா இருந்தா நல்லது, கருத்து தீஞ்ச வாடை வந்தா உள்ள கிளட்ச் எரிஞ்சிருக்கு.

அப்புறம் ஓட்டிப் பாருங்க, எந்த கியர் போச்சுங்கறதுதான் முக்கியம். ரிவர்ஸ், 2, 4 மூணும் இல்லாம 1-ம் 3-ம் மட்டும் வேலை செஞ்சா பெரும்பாலும் சன் ஷெல் (உள்ள சன் கியர சுத்த வைக்கிற உலோகக் கூடு) உடைஞ்சிருக்கும், 2-லருந்து 3-க்கு மாறும்போது இன்ஜின் சும்மா உறுமி வண்டி இழுக்கலன்னா 3, 4 கியருக்கான 3-4 கிளட்ச் போயிருக்கும், ரெண்டுக்குமே கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகணும்.

ஸ்கேனர்ல பி1870-ங்கற கோளாறு கோடு வந்து, 1-லருந்து 2-க்கு டமால்னு அடிச்சா வேற கதை. டார்க் கன்வெர்ட்டர் லாக்கப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டுற கிளட்ச்) வழுக்குது, கம்ப்யூட்டர் ஆயில் பிரஷர ஏத்திடுது, நிறைய வண்டில வால்வு பாடி (ஆயில் எங்க போகணும்னு திருப்பி விடற பகுதி) தேய்மானம்தான் காரணம், அத கியர்பாக்ஸ இறக்காம, அடியில இருக்கற ஆயில் தட்ட (பான்) கழட்டியே சரி பண்ணலாம்.