எம்எல்ஏ ராஜினாமா, அப்புறம் இடைத்தேர்தல்: வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளவங்கோட்டில் 2011, 2016, 2021 என மூன்று முறை காங்கிரஸ் சார்பில் வென்றவர் விஜயதரணி. 2024 பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்து, எம்எல்ஏ பதவியையும் ராஜினாமா செய்தார். மக்களவைத் தேர்தலோடு சேர்த்து ஏப்ரல் 19 அன்று அங்கே இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் தாரகை கத்பர்ட் ஜெயித்தார்.

இப்படி ஒரு தேர்தல் வரும்போது பலர் கட்சியை விட்டு விலகுவதையும் பதவியை விட்டு விலகுவதையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கட்சித் தலைமைக்கு எழுதிய கடிதத்தால் தொகுதி காலியாகாது. தன் கைப்படக் கையெழுத்திட்டுச் சபாநாயகருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் ஏற்க வேண்டும். மிரட்டி வாங்கிய கடிதம் என்று தெரிந்தால் அவர் அதை ஏற்கக் கூடாது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும் என்பது பொது விதி. பேரவையின் மிச்சமிருக்கும் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை.

ராஜினாமா செய்தவர் மறுபடி நிற்க முடியாது என்பதும் தவறு. கர்நாடகத்தில் 2019-ல் ராஜினாமா கடிதம் கொடுத்த எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்து, பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடக் கூடாது என்றார். உச்ச நீதிமன்றம் தகுதிநீக்கத்தை ஏற்றது, அந்தத் தடையை ரத்து செய்தது. டிசம்பரில் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. பாஜக முதல்வர் எடியூரப்பாவின் ஆட்சி நிலைக்கக் குறைந்தது 6 இடம் தேவைப்பட்டது, பாஜக 12-ல் வென்றது. "இடைத்தேர்தல்தானே, இதனால் ஆட்சியா மாறப்போகிறது?" என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு பதவிக்காலத்தைக் கவனிக்காமல் வாக்குறுதிகளை நம்புவதுதான். புதிதாக வருபவருக்கு ஐந்து வருடம் கிடைக்காது, மிச்சமிருக்கும் காலம் மட்டுமே. 2024 ஜூனில் விளவங்கோட்டில் வென்றவருக்கு 2026 மே வரை, அதாவது இரண்டு வருடத்துக்கும் குறைவுதான். நிலம் எடுப்பதில் தொடங்க வேண்டிய ஒரு பாலத்தை அதற்குள் முடிக்க முடியுமா? பாதியில் நிற்கும் சாலை, அனுமதி கிடைத்தும் தொடங்காத குடிநீர்த் திட்டம், இவற்றைப் பற்றிக் கேளுங்கள். முந்தைய உறுப்பினர் எந்த வேலையை எந்த நிலையில் விட்டுப்போனார் என்று வேட்பாளருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏன் விலகினார் என்ற கேள்வியையும் விடக் கூடாது. உங்கள் ஓட்டை வாங்கித்தானே அந்த இடத்தில் உட்கார்ந்தார்?

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. வெளியூரில் வேலை பார்த்தாலும், உங்கள் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் சம்பளத்துடன் விடுமுறை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு தேர்தல் ஒன்றாக வந்தால் சாவடியில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்கள் இருக்கும் தாள் மக்களவைக்கு வெள்ளை, சட்டப்பேரவைக்கு இளஞ்சிவப்பு. ஒன்றில் பட்டனை அழுத்திவிட்டு அப்படியே வெளியே வந்துவிட வேண்டாம். ஒவ்வொன்றிலும் நீங்கள் அழுத்திய சின்னம்தான் பக்கத்திலுள்ள விவிபாட் பெட்டியில் அச்சாகும் சீட்டில் வந்திருக்கிறதா என்று கண்ணாடி வழியே பாருங்கள். ஏழு விநாடிதான் தெரியும்.