பதிப்பகப் பணியிலிருந்து ஆலோசனைத் தொழிலுக்கு: காரைக்குடியில் இருந்தபடியே தொடங்கும் முறை

பதிப்பகத்தில் பல ஆண்டுகள் நிர்வாகப் பொறுப்பு வகித்தவர் செட்டிநாட்டுக்குத் திரும்பி, சிங்கப்பூர், மலேசியா, இலங்கைப் பதிப்பாளர்களுக்கு ஆலோசகராக விரும்பினால், தாம் எந்த அறிவுக்குக் கட்டணம் வாங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தாள் விலையும் விற்பனைக் கழிவும் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஒரு நூலை எந்த நாட்டில், எந்த வடிவில், எத்தனை காலம் வெளியிடலாம் என்று சொல்லத் தெரிந்தவர்களே குறைவு.

ஆகவே முதல் வேலை, உரிமைப் பேரேடு. பேரேடு எழுதிப் பழகிய ஊரில் இது புதிதன்று. நூல்தோறும் ஆசிரியர் மறைந்த ஆண்டு, வாரிசுகள், ஒப்பந்தக் காலம், நாடு, மொழி, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். பழைய ஒப்பந்தங்களில் காலமும் இடமும் விடுபட்டிருப்பது வழக்கம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பின் எழுதிய ஒப்பந்தங்களில், காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்கிறது. கோலாலம்பூரில் விற்கும் உரிமை தம்மிடம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் பதிப்பாளரிடம் அது இல்லாமலே இருக்கலாம் என்பதால், அங்கேயே உங்கள் ஆலோசனைக்குத் தேவை பிறக்கிறது.

பதிப்புரிமைக் காலமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆசிரியர் மறைவுக்குப் பின் இந்தியாவில் 60 ஆண்டு, மலேசியாவில் 50, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70 என்பது பொது விதி. பழைய நூல்களின் முதற்பதிப்பு விவரங்களுக்கு, கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆய்வு நூலகத்தை நாடலாம்.

கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றிய படநூல் ஒன்றை வெளிநாட்டுப் பதிப்பகம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். படம் எடுத்தவரிடமும் கட்டுரையாளரிடமும் எழுத்துமூலம் உரிமை பெறுவதோடு வேலை முடிவதில்லை. வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. அவர்களில் சிலர் சென்னையில் இருப்பார்கள், சிலர் கடல் கடந்து இருப்பார்கள். சாவி வைத்திருப்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் படமெடுத்தால், நூல் அச்சேறிய பின் மற்றொரு பங்காளியின் வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும். பங்காளிகள் அனைவரிடமும், எந்தெந்தப் பகுதியைப் படமெடுக்கலாம், அட்டையில் போடலாமா, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். வெளிநாட்டு ஆலோசகரால் எளிதில் செய்ய முடியாத வேலை இதுவே. கட்டணப் பட்டியலில் இதற்குத் தனித் தொகை குறிக்கத் தயங்க வேண்டாம்.

கட்டணத்தைப் பணி தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்: செய்யும் வேலை, செய்யாத வேலை, முன்பணம், பயணச் செலவு. உரிமையை விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒருசேரத் தரகு பெறுவதாக இருந்தால் இருவருக்கும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க மனம் வராவிட்டால் ஒரு பக்கத்தை விட்டுவிடுவதே மேல்.

அறிமுகத்துக்கு, 2023 முதல் நடந்துவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி அருகிலுள்ள நல்ல வாய்ப்பு. தமிழ்நாடு அரசின் மொழிபெயர்ப்பு மானியமும் அதனுடன் இணைந்தது என்பதால், செல்லுமுன் உங்கள் பேரேட்டில் உரிமைச் சிக்கல் இல்லாத சில நூல்களைப் பொறுக்கி, நூலுக்கு ஒரு பக்கமாக ஆங்கிலச் சுருக்கமும் மாதிரி மொழிபெயர்ப்பும் ஆயத்தம் செய்து, சந்திப்புகளுக்கு முன்கூட்டியே நேரம் கேட்டு எழுதிவிடுங்கள்.