தேங்காய்த் தண்ணீரில் நாட்டா தே கோக்கோ: முதன்முறை செய்பவர்களுக்கு

முற்றிய தேங்காயை உடைத்தால் வரும் தண்ணீரைப் பெரும்பாலும் கீழேதான் கொட்டுகிறோம். கொப்பரைக் களங்களில் அது மண்ணோடு போகிறது. எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிலிப்பைன்ஸில் அன்னாசியில் செய்துவந்த நாட்டாவை, அதாவது புளிக்கும் சாற்றின்மேல் கட்டும் ஜெல்லி போன்ற ஏட்டை, 1949-இல் தியோதுலா காலாவ் ஆப்பிரிக்கா என்ற வேதியியலாளர் தேங்காய்த் தண்ணீரில் செய்தார். அதுதான் நாட்டா தே கோக்கோ. இன்று அங்கே அது பெரிய தொழில். நுங்கைவிடச் சற்று அழுத்தமாக, பல்லில் நறுக்கென்று கடிபடும்.

வேலை செய்வது கோமகட்டாயிபாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியா. சர்க்கரையைத் தின்று செல்லுலோஸ் இழைகளை நூற்கிறது. ஏட்டில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், மிச்சம்தான் இழை.

தேவையானவை: தேங்காய்த் தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 100 கிராம், உணவுத் தர அம்மோனியம் சல்பேட் 5 கிராம், வினிகர், 150 மி.லி. தாய்க் கரைசல் (இந்த பாக்டீரியா உள்ள புளித்த கரைசல்), பி.எச். தாள் (புளிப்பை அளக்கும் தாள்). உரக்கடை அம்மோனியம் சல்பேட் கூடவே கூடாது. உணவுத் தரம் கிடைக்காவிட்டால் கெட்டியான தேயிலை டிகாஷன் ஊற்றுங்கள். ஏடு மெல்லியதாக, பழுப்பாக வரும், அவ்வளவுதான். தாய்க் கரைசலுக்குச் சூடுபடுத்தாத, நன்கு புளித்த கொம்புச்சா (புளிக்கவைத்த இனிப்புத் தேநீர்) போதும்.

படி 1: அன்றே உடைத்த தண்ணீரை வடிகட்டி, சர்க்கரையும் சல்பேட்டும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடி ஆறவையுங்கள்.

படி 2: கை பொறுக்கும் சூடுகூட இல்லாமல் ஆறியதும் தாய்க் கரைசலை ஊற்றுங்கள். பிறகு, தாள் 4 காட்டும்வரை வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இந்தோனேசியாவில் தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே போங்க்ரெக் என்ற உணவைத் தின்று, அதில் ஒரு பாக்டீரியா சுரந்த நஞ்சால் பலர் இறந்தார்கள். 1988-இல் அதைத் தயாரிக்கவே தடை வந்தது. அந்த நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஆகாது. நஞ்சு சேர்ந்துவிட்டாலோ, கொதிக்கவைத்தாலும் போகாது.

படி 3: அகலமான கண்ணாடித் தட்டில் நான்கு விரல் உயரத்துக்கு ஊற்றி, மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். துணிதான், மூடி அல்ல. இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதனால்தான் ஏடு மேற்பரப்பில் மட்டும் கட்டுகிறது. புது அடுக்கு மேலே உருவாக, பழையது கீழே இறங்குகிறது.

படி 4: தொடாதீர்கள். மூன்று நான்கு நாளில், ஆறிய பாலில் ஆடை படிவதுபோல் மங்கலான ஒரு படலம் தெரியும். என் முதல் தட்டை ஆசையில் தினமும் சாய்த்துப் பார்த்தேன். படலம் அமிழ்ந்தது, அதன்மேல் இன்னொன்று கட்டியது. கடைசியில் ஒட்டாத நான்கு மெல்லிய தாள்கள்தான் கிடைத்தன. அசையாமல் இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் ஒரு செ.மீ. கனத்துக்கு வெள்ளையாக, வழவழவென்று நிற்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் பூஞ்சை தெரிந்தால் முழுத் தட்டையும் கொட்டிவிடுங்கள்.

படி 5: எடுத்துக் கழுவி, சதுரமாக வெட்டி, இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். பிறகு புது நீரில் கொதிக்கவையுங்கள். ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். புளிப்பு இருந்தால் மறுபடி. கடைசியாகச் சர்க்கரைப் பாகில் ஓர் இரவு ஊறட்டும்.

தட்டில் மிஞ்சிய கரைசலில் 150 மி.லி. எடுத்து வையுங்கள். அடுத்த லிட்டருக்கு அதுதான் தாய்.